கியூரி வீட்டு வரவு செலவு

பாடப் புத்தகத்தில் மேரி கியூரி வரும்போது கூடவே ஒரு கொட்டகையும் வரும். ஒழுகும் கூரை, கொதிக்கும் கொப்பரை, தன் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பியைப் பிடித்துக் கிளறும் பெண். பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொன்னால் வகுப்பு அசையாமல் கேட்கும். ஆனால் என்னை நெடுநாளாகப் பிடித்து வைத்திருப்பது அவர் குடியிருந்த வீடு. காலையில் அடுப்பை யார் பார்த்தது, குழந்தையை யார் வைத்துக்கொண்டது, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சியது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைக்கிறது. மேரி வீட்டுச் செலவையும் ஆய்வைப் போலவே நோட்டில் எழுதி வைத்தவர். இளைய மகள் ஏவ் 1937இல் வெளியிட்ட தாயின் வரலாற்றில் அந்தக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன.

நம் பெண்களின் பிஎச்.டி. பெரும்பாலும் வீட்டில்தான் நின்றுபோகிறது. அதனால்தான் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

அந்த வீட்டில் முதலில், 1895 மார்ச்சில், டாக்டர் பட்டம் வாங்கியவர் மேரியின் வருங்காலக் கணவர் பியேர். அப்போது அவருக்கு 35 வயது. அழுத்தினால் மின்னேற்றம் காட்டும் படிகங்களை அண்ணன் ஜாக்குடன் சேர்ந்து 1880லேயே கண்டுபிடித்துவிட்ட மனிதர், பட்டத்துக்கு விண்ணப்பிக்காமலே ஆண்டுகளை ஓட்டியிருந்தார். காந்தத் தன்மையும் வெப்பமும் பற்றிய அவருடைய ஆய்வேட்டுத் தேர்வை, வார்சாவிலிருந்து படிக்க வந்திருந்த மரியா ஸ்க்வொடோவ்ஸ்கா, அதாவது நம் மேரி, அவையில் உட்கார்ந்து பார்த்தார். அந்த ஜூலை 26ஆம் தேதி பாரிஸை ஒட்டிய ஸோ ஊரின் நகர மன்றத்தில் இருவருக்கும் திருமணம். சர்ச் இல்லை, மோதிரம் இல்லை. கல்யாண உடை வாங்கித் தர ஒருவர் முன்வந்தபோது, பிறகு ஆய்வகத்துக்கும் உடுத்திப் போகிற மாதிரி அடர் நிறத்தில் இருக்கட்டும் என்று மணப்பெண் கேட்டுக்கொண்டார். அன்பளிப்பாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி, அதிலேயே ஊர் சுற்றக் கிளம்பினார்கள்.

குடித்தனம் பாரிஸில், க்ளாசியேர் தெரு 24ஆம் எண்ணில். மாடியில் மூன்று சிறிய அறைகள், சன்னலுக்கு வெளியே ஒரு தோட்டம். பியேரின் பெற்றோர் மேசை, நாற்காலிகள் தருவதாகச் சொன்னார்கள். புது மருமகள் வேண்டாம் என்றுவிட்டார். சாமான் கூடினால் தூசி துடைக்கும் வேலையும் கூடும், அதற்கு நேரம் ஏது? ஒரு வெள்ளை மர மேசை, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு நாற்காலி, புத்தகங்கள், ஒரு விளக்கு, ஒரு ஜாடிப் பூ. விருந்தாளி உட்கார மூன்றாவது நாற்காலி கிடையாது. ராத்திரி மேசையின் ஒரு முனையில் பியேர் மறுநாள் பாடத்துக்குத் தயார் செய்வார், மறுமுனையில் மேரி தேர்வுக்குப் படிப்பார்.

பாரிஸ் நகராட்சியின் இயற்பியல் வேதியியல் தொழிற்பள்ளியில் பியேருக்கு மாதம் 500 பிராங்க் சம்பளம். பட்டினி இல்லை, ஆடம்பரத்துக்கும் இடமில்லை. கறுப்பு அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்றில் மேரி செலவைப் பதிந்து வந்தார். இன்னொரு சம்பளம் வேண்டும் என்றுதான் 1896இல் பெண்கள் பள்ளி ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதினார், அதில் முதலிடம். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டப்படி, மணமான பெண் தன் சம்பளத்தைத் தானே கையாள முடியாது. அந்த உரிமை 1907 ஜூலையில்தான் கிடைத்தது. மேரியின் பட்ட ஆய்வுக் காலம் முழுவதும், சட்டத்தின் கண்ணில் அவர் சம்பாதிக்கும் காசு கணவன் பொறுப்பில் இருந்த காசு. வீட்டில் கணக்குப் புத்தகம் மேரியின் கையில் இருந்தது. சட்டம் தந்ததை விட ஒரு கணவன் அதிகம் தந்த வீடு அது.

சமையல் தெரியாமல் வந்தவர் மேரி. கல்யாணத்துக்கு முன்பு அக்கா பிரோன்யாவிடமும் அக்காவின் மாமியாரிடமும் ரகசியமாகக் கற்றுக்கொண்டார். பாத்திரம் கழுவ ஒரு பெண் தினம் ஒரு மணி நேரம் வந்துபோவார். மற்றதெல்லாம் மேரியின் தலையில். அடுப்பின் தீயை மிகக் குறைத்து வைத்துவிட்டு ஆய்வகம் போய்த் திரும்பினால் தானே வெந்திருக்கும் பதார்த்தங்களை அவர் யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்தார். 1898இல் ஒரு சமையல் புத்தகத்தின் ஓரத்தில் நெல்லிப்பழ ஜெல்லிக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். அங்கே விளையும் சின்னஞ்சிறு நெல்லி அது. 8 பவுண்டு பழம், அதே எடைக்குச் சர்க்கரை, 10 நிமிடம் கொதிக்க வைத்துச் சல்லடையில் வடித்ததில் 14 ஜாடி. கண்ணாடித் தெளிவு வரவில்லை, ஆனால் நன்றாக உறைந்தது. எடை, நேரம், முறை, கிடைத்த அளவு, குறை நிறை என ஓர் ஆய்வுக் குறிப்பில் இருக்க வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. அதே ஆண்டில்தான் அவரும் பியேரும் பொலோனியம், ரேடியம் என்ற இரண்டு தனிமங்களையும் கண்டறிந்தார்கள்.

மூத்த மகள் ஐரீன் 1897 செப்டம்பர் 12 அன்று பிறந்தாள். பிரசவம் பார்த்தவர் பியேரின் தந்தை டாக்டர் யூஜீன் கியூரி. சில நாட்களிலேயே பியேரின் தாய் புற்றுநோயில் இறந்துபோனார். ஒரே மாதத்தில் ஒரு பிறப்பும் ஒரு சாவும். மேரிக்குப் பால் போதாமல் போகவே, பாலூட்ட ஒரு தாதியை வைத்தார்கள். தாதி மோன்சூரிப் பூங்காவில் குழந்தையைத் தொலைத்துவிட்டாளோ என்று திடீரென்று பயம் பிடிக்கும். வேலையைப் போட்டுவிட்டு மேரி பூங்காவுக்கு ஓடுவார். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போன எந்தத் தாய்க்கும் அந்த ஓட்டம் தெரியும்.

அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் மாமனார். மனைவியை இழந்த டாக்டர் யூஜீன், மகன் வீட்டோடு தங்கிவிட்டார். 1848 புரட்சியிலும் 1871 பாரிஸ் கம்யூன் நாட்களிலும் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்த குடியரசுவாதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். முதுமையில் அவர் ஏற்றுக்கொண்ட வேலை பேத்தியை வளர்ப்பது. பின்னாளில் கெல்லர்மான் சாலையில் தோட்டம் வைத்த வீட்டுக்கு எல்லோரும் குடிபோனபோது, ஐரீனுக்குச் செடிகளைக் காட்டிக்கொடுத்ததும், கதை சொன்னதும், விளையாட்டுத் தோழனாக இருந்ததும் தாத்தாதான். கியூரி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர். என்னுடைய ஆய்வேடு முடியும் தறுவாயில் என் அத்தை, அதாவது மாமியார், சொன்ன ஒரு சொல் இன்னும் காதில் இருக்கிறது: “பிள்ளைய நான் பாத்துக்கறேன்மா, நீ போய் முடிச்சிட்டு வா.” அத்தை படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். என் பட்டத்தில் அவருக்குப் பாதி உண்டு.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது மேரி ஆய்வுக்குத் தலைப்பு எடுத்தார். யுரேனியம் தானாகவே ஏதோ கதிரை வெளியிடுகிறது என்று ஆன்றி பெக்கரல் 1896இல் சொல்லியிருந்தார். எக்ஸ் கதிர் பரபரப்பில் அதைத் தொடர்ந்து பார்க்க அதிகம் பேர் வரவில்லை. படிக்க வேண்டிய பழைய நூல்கள் குறைவு, நேராகச் சோதனையில் இறங்கலாம். ஆய்வு நோட்டின் முதல் பதிவு 1897 டிசம்பர் 16. இடம், பியேரின் பள்ளியில் தரைத்தளச் சாமான் அறை. 1898 பிப்ரவரியில் ஒருநாள் அறையின் வெப்பநிலை 6.25 டிகிரி என்று எழுதியிருக்கிறார். காற்றில் கதிர் உண்டாக்கும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கப் பயன்பட்டது, பியேரும் ஜாக்கும் அமைத்திருந்த படிகக் கருவி. கணவனின் பழைய கண்டுபிடிப்பை வைத்து மனைவியின் புதிய ஆய்வு தொடங்கியது.

பிட்ச்பிளெண்ட் என்ற தாது, அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மீறிக் கதிர் வீசியது. அப்படியானால் அதற்குள் வேறொன்று இருக்க வேண்டும். இதைப் பார்த்ததும் பியேர் தன் படிக ஆய்வைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைத்து மனைவியின் வேலையில் சேர்ந்துகொண்டார். மறுபடி அவர் அந்தப் படிகங்களுக்குத் திரும்பவே இல்லை. ஒரு பேராசிரியர், தன் பெயர் நிலைத்துவிட்ட துறையை விட்டு, மனைவியின் ஆய்வேட்டுத் தலைப்புக்குள் வந்து வேலை செய்கிறார்! நோட்டில் இருவர் கையெழுத்தும் அடுத்தடுத்து வருகிறது. ஆனாலும் எது யார் கண்டது என்பதை வெளியிட்ட கட்டுரைகளில் தெளிவாக எழுதினார்கள். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பர் 26இல் ரேடியம் அறிவிப்பு.

இந்த இரண்டு அறிவிப்புக்கும் நடுவே வேறொரு நோட்டும் நிரம்பிக்கொண்டிருந்தது. ஐரீனுக்கு ஏழாவது பல் முளைத்தது, ஆற்றில் குளிப்பாட்டியபோது அழுதது, அக்டோபரில் தவழ்வதை விட்டு நன்றாக நடந்தது. 1899 ஜனவரியில் பதினைந்து பல். அதற்கு முன்பே பிரோன்யா வைத்தியசாலை கட்டப் போலந்துக்குப் போயிருந்தார். அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் மேரி தன் நாளை விவரிக்கிறார்: காலையில் பிள்ளைக்கு உடுத்தி, ஊட்டிவிட்டு, ஒன்பது மணி வாக்கில் கிளம்புகிறேன்; மாலை முழுக்கப் பிள்ளையோடு போகிறது; இந்த ஆண்டு நாடகத்துக்கோ கச்சேரிக்கோ போகவில்லை, யார் வீட்டுக்கும் போகவில்லை. ஐரீனின் உடுப்புகளையும் அவரே தைத்தார்.

பிறகுதான் கொட்டகை வருகிறது. ரேடியம் என்று ஒன்று உண்டு என வேதியியலாளர் ஏற்க, அதைத் தனியே பிரித்து அணுநிறை சொல்ல வேண்டும். முன்பு மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்துப் பழகிய இடம் அந்தக் கொட்டகை. லோமோன் தெரு முற்றத்தில் காலியாகக் கிடந்தது. பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்தில் யுரேனியம் எடுத்தபின் எறிந்த கழிவு, ஊசியிலைச் சருகு கலந்தபடியே, மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஒரு தடவைக்கு 20 கிலோ வரை கொதிக்க வைத்துக் கிளறினார். 1902இல் கையில் நின்றது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. அணுநிறை 225 என்று கணக்கிட்டார். இன்று நாம் படிப்பது 226. ஒரு கொட்டகையில் எடுத்த எண் அவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் சம்பளம் போதவில்லை. 1900இல் ஜெனீவா பல்கலைக்கழகம் பியேருக்கு நல்ல பதவியோடு அழைப்பு விடுத்தது. முதலில் சம்மதித்தவர், ரேடியம் வேலை முறிந்துபோகும் என்று மறுத்துவிட்டார். அதே ஆண்டு மேரி செவ்ர் நகரின் பெண்கள் ஆசிரியர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். போய்வருவதற்கே கணிசமான நேரம் ஆகும். அந்தச் சம்பளம் வீட்டைத் தூக்கி நிறுத்தியது, ஆய்வை நீட்டித்தது. உதவித்தொகை தாமதமாகி டியூஷன் எடுத்துக்கொண்டே ஆய்வேடு எழுதிய நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

பட்டத்துக்கு இருவரின் உடம்பும் விலை கொடுத்தது. விரல் நுனிகள் தடித்து வெடித்தன. பியேரைக் கால் வலி படுக்கையில் தள்ளியது. கதிரின் கேடு அன்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. 1902 மே மாதம் வார்சாவில் மேரியின் தந்தை இறந்தபோது, மகள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 1903 ஆகஸ்டில் கருச்சிதைவு. இந்த இழப்புகளைத் தியாகம் என்ற ஒரே சொல்லில் மூடிவிட எனக்கு மனம் வருவதில்லை. நல்ல ஆய்வகமும் போதிய சம்பளமும் கொடுத்திருந்தால் இவற்றில் சில நேர்ந்திருக்காது.

1903 ஜூன் 25, சோர்போனில் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்கள் லிப்மன், பூட்டி, மொய்சான். அவர்களில் மொய்சான் 1906இலும் லிப்மன் 1908இலும் நோபல் பரிசு பெறப் போகிறவர்கள். போலந்திலிருந்து வந்திருந்த பிரோன்யா, தங்கையை வற்புறுத்திப் புதிதாகக் கறுப்பு உடை ஒன்று எடுக்க வைத்திருந்தார். அவையில் பியேரும், டாக்டர் யூஜீனும், செவ்ர் மாணவியரும் உட்கார்ந்திருந்தார்கள். கதிரியக்கப் பொருள்கள் பற்றிய அந்த ஆய்வேடு மிக உயர்ந்த தகுதியோடு ஏற்கப்பட்டது. இயற்பியலில் பிரான்ஸ் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த முதல் டாக்டர் பட்டம் அது. அன்றிரவு நண்பர் லாஞ்செவன் வீட்டில் விருந்து. தற்செயலாகப் பாரிஸ் வந்திருந்த இயற்பியலாளர் ரூதர்போர்டும் இருந்தார். ஆறு மாதத்தில் கணவன் மனைவி இருவருக்கும் பெக்கரலோடு சேர்த்து நோபல் பரிசு.

மூன்றே ஆண்டில், 1906 ஏப்ரல் 19 அன்று, குதிரை வண்டியில் அடிபட்டுப் பியேர் இறந்தார். அதன் பிறகும் டாக்டர் யூஜீன் மருமகளை விட்டுப் போகவில்லை. 1910இல் தான் இறக்கும்வரை பேத்திகள் இருவரையும் வளர்த்தார். அவர் கையில் வளர்ந்த ஐரீன் 1935இல் தன் கணவரோடு நோபல் பரிசு பெற்றார்.

கொட்டகைக் கதையை மட்டும் கேட்கும் மாணவி, இவ்வளவு கஷ்டப்பட என்னால் ஆகுமா என்று பின்வாங்குகிறாள். வீட்டுக் கதையையும் கேட்டால், அவள் தன் குடும்பத்தாரைப் பார்த்துக் கேட்கச் சில கேள்விகள் கிடைக்கும். தேவையில்லாத நாற்காலியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பாத்திரம் கழுவ ஓர் ஆள் வைக்கலாமா? பிள்ளையைப் பகலில் வைத்துக்கொள்ள யார் முன்வருவார்? வேலையில் பங்கெடுத்துக்கொண்டு பெயரை அவளுக்கே விடக் கணவன் தயாரா? இவை எதற்கும் மேதை தேவையில்லை. வரன் பார்க்க வருகிறவர்களிடம் பெண் பிஎச்.டி. பண்ணுகிறாள் என்று சொல்லும் அப்பா அம்மாவிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும் அதே மூச்சில், அந்த ஆய்வேடு முடியும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்றும் கேளுங்கள். பதிலைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.