செயற்கைக் காலோடு மீண்டும் சைக்கிள்: மாத்தளையிலிருந்து ஓர் அனுபவக் குறிப்பு

2022 ஆம் ஆண்டு, எரிபொருள் நெருக்கடிக் காலம். மாத்தளையில் பெற்றோலுக்கான வரிசை நாட்கணக்கில் அசையவில்லை. செய்தி சேகரிக்க நான் போகவேண்டிய இடம் நகரிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரத்திலுள்ள அலுவிகாரைப் பகுதி. முச்சக்கர வண்டிக்காரர் கேட்ட கூலி, அந்தக் கட்டுரைக்கு எனக்குக் கிடைக்கவிருந்த பணத்தில் பாதி. மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய லுமாலா லேடீஸ் சைக்கிள் ஒன்று சாத்திக் கிடந்தது. நான் கடைசியாகச் சைக்கிள் ஓடி அப்போது 13 வருடங்கள் ஆகியிருந்தன.

என் தாத்தாவும் பாட்டியும் மாத்தளைத் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் வளர்ந்தது தர்மபுரத்தில். வன்னியில் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள்தான். 2009 இல், 17 வயதில், ஷெல் துண்டு பட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்த பின் மாத்தளையில் மாமா வீட்டில் தங்கினோம்.

செயற்கைக் கால் கிடைத்தது. நடந்தேன், பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தேன். சைக்கிளில் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். இடது கால் பெடலிலிருந்து நழுவ, விழுந்தேன். “இனி உனக்கு அது சரிவராது பிள்ளை” என்றார் அம்மா. நானும் நம்பிவிட்டேன்.

பிழை என் உடம்பில் இருக்கவில்லை. எனக்குத் தந்த கால் நடப்பதற்குச் செய்யப்பட்டது. சைக்கிள் இரண்டு கால் உள்ளவருக்குச் செய்யப்பட்டது. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றினால் பொருந்தும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நடக்கச் செய்த கால்

எங்களில் பலருக்குத் தெரிந்தது ஜெய்ப்பூர் கால். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே.சேத்தியும் உருவாக்கியது. செருப்பில்லாமல் நடக்க, சேற்றில் இறங்க, குந்தி இருக்க ஏற்றது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 இலிருந்து இயங்குகிறது. போரில் கால் இழந்த பலரை எழுப்பி நடக்க வைத்தது இந்த வகைக் கால்தான்.

ஆனால் நடக்கும்போது முழங்கால் அவ்வளவாக மடிவதில்லை. பெடல் மேலே வரும்போது நன்றாக மடியவேண்டும். அப்போது மிச்சக் கால் உள்ளே அமரும் கிண்ணத்தின், அதாவது சொக்கெற்றின், பின்விளிம்பு முழங்காலின் பின்பக்க நரம்புகளில் குத்தும். நான் சைக்கிளை வெறுத்ததற்குப் பாதிக் காரணம் அந்த வலி.

கண்டியில் எனக்குக் கால் செய்தவரிடம் இதைச் சொன்னேன். சைக்கிள் ஓடுவேன் என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பின்விளிம்பைச் சில மில்லிமீற்றர் தாழ்த்தி, வெளிப்பக்கம் வளைத்துக் கொடுத்தார். நீங்களாக வீட்டில் அரத்தால் தேய்க்க வேண்டாம். உடம்பின் பாரத்தை அந்தக் கிண்ணம்தான் தாங்குகிறது. எங்கே குறைக்கலாம் என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

சைக்கிளில் மாற்றவேண்டியவை

மற்றப் பாதி வேலை சைக்கிள் கடையில் முடிந்தது.

பெடல் தண்டு: பெரியவர்களின் சைக்கிளில் இதன் நீளம் வழக்கமாக 170 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். செயற்கைக் கால் பக்கம் அதைக் குட்டையாக்கினால் முழங்கால் குறைவாக மடிந்தால் போதும். பழைய வகைச் சைக்கிளில் இடது தண்டை ஆணி தட்டிக் கழற்றலாம். அந்த அளவுக்குப் பொருந்தும் சின்னச் சைக்கிளின் தண்டைத் தேடிப் போட்டோம். வலது பக்கம் பல்சில்லும் சேர்ந்திருப்பதால், வலது கால் இழந்தவர்களுக்கு வேலை கொஞ்சம் கூட. வெட்டி ஒட்டிய தண்டை நம்பவேண்டாம். ஏற்றத்தில் மிதிக்கும்போது உடையலாம்.

பாதம் வைக்கும் இடம்: இயற்கையான கால் விரல்பக்கத்தால் மிதிக்கும், கணுக்கால் அதற்கு உதவும். செயற்கைப் பாதத்துக்கு அந்த உதவி இல்லை. பாதத்தின் நடுப்பகுதி பெடலில் வரும்படி வைத்தால் விசை வீணாகாது.

பட்டி: பாதம் நழுவுவது உங்களுக்குத் தெரியாது, அங்கே உணர்ச்சி இல்லை. பழைய ரியூப்பில் ஒரு வளையம் வெட்டிப் பெடலில் போட்டேன். இறுக்கிக் கட்டக்கூடாது. விழப்போகும்போது கால் தானாக வெளியே வரவேண்டும்.

சீற்: முதல் சில வாரங்கள் நல்ல காலின் முழுப் பாதமும் நிலத்தில் படும் உயரத்தில் வையுங்கள். பழகிய பின் உயர்த்தலாம். குறுக்குத் தண்டு இல்லாத லேடீஸ் சைக்கிள் ஏறி இறங்கச் சுகம். ஆண்களும் வெட்கப்படாமல் அதில் தொடங்கலாம்.

ஏறும்போது செயற்கைப் பாதத்தை முதலில் பெடலில் பொருத்துங்கள். நல்ல காலால் உந்துங்கள். நிற்கும்போது நல்ல கால் பக்கம் சாயுங்கள்.

முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள்

இது கடினம், ஆனால் முடியாததல்ல. பூட்டு வைத்த முழங்கால் மூட்டோடு மிதிக்க முடியாது. தடையின்றி மடியும் மூட்டு வேண்டும். சொக்கெற்றின் மேல்விளிம்பு சீற்றில் இடிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சிலர் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு, நல்ல பாதத்தைப் பெடலில் பிணைத்து ஒற்றைக் காலால் ஓடுகிறார்கள். போட்டிகளிலும் அப்படி ஓடுபவர்கள் உண்டு. ஆனால் இறங்கிய பின் நடக்க ஊன்றுகோல் வேண்டுமென்பதால், கடைக்குப் போய்வர அது வசதியான வழியல்ல.

ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆதித்யா மேத்தா வீதி விபத்தில் ஒரு காலை இழந்தவர். 2013 இல் ஆசிய பரா சைக்கிள் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். பிரித்தானியாவின் ஜோடி கண்டி முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவர். 2008 பெய்ஜிங் பரா ஒலிம்பிக்கில் சைக்கிளோட்டத்தில் தங்கம் வென்றார். அவருடைய ஓட்டக் காலில் பாதமே இல்லை. கார்பன் நாரால் செய்த தண்டு நேராகப் பெடலில் பூட்டிக்கொள்ளும். அந்தக் காலோடு நடக்க வசதிப்படாது. நமக்குச் சந்தையில் இறங்கி நடக்கவும் வேண்டும் என்பதால், நடக்கும் காலையே திருத்துவதுதான் எங்களுக்கு உகந்தது.

தோல்தான் எச்சரிக்கும்

முதல் நாள் பத்து நிமிடம் போதும். இறங்கிக் காலைக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறையாவிட்டால், அடுத்த ஓட்டத்துக்கு முன் கால் செய்தவரைப் பாருங்கள். வியர்வையில் காலுறை நனைந்தால் மாற்றுங்கள், மேலதிகமாக ஒன்றைக் கூடையில் வையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். ஷெல் துண்டு இன்னும் உள்ளே இருப்பவர்களும் அப்படியே.

பாதையும் முக்கியம். இறத்தோட்டைப் பக்கம் ஏற்றம், அங்கே நான் இன்னமும் போவதில்லை. நான் பழகியது முத்துமாரியம்மன் கோயிலுக்கு முன்னாலுள்ள பிரதான வீதியில், வாகனம் குறைந்த விடியற்காலையில். அது ஏ-9 வீதி. கண்டியில் தொடங்கி, மாத்தளையைத் தாண்டி, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போகும் அதே வீதி. அலுவிகாரை வரை நிற்காமல் போய்வர எனக்கு ஏழு வாரங்கள் எடுத்தன. இரண்டு தடவை விழுந்தேன்.

கேட்பது பிச்சையல்ல

இலங்கை 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 20 ஆவது உறுப்புரை, தாங்கக்கூடிய செலவில், விரும்பிய விதத்தில் நடமாட உதவுவது அரசின் கடமை என்கிறது. 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலும் இலங்கை சேர்ந்தது. கால் செய்யும் தொழில்நுட்பவியலாளர்களைப் பயிற்றும் கல்லூரி 2004 இலிருந்து ராகமையில் இருக்கிறது. ஆகவே உங்கள் தேவையைச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்த தடவை கால் மாற்றப் போகும்போது மூன்று விடயங்களைச் சொல்லுங்கள். நான் சைக்கிள் ஓடப் போகிறேன். உட்கார்ந்து முழங்காலை முழுவதும் மடித்துக் காட்டுகிறேன், எங்கே குத்துகிறது என்று பாருங்கள். முடிந்தால் சைக்கிளையும் கொண்டுவருகிறேன், அதில் வைத்தே அளவு பாருங்கள்.

மாமா வீட்டு லுமாலா இப்போது தாழ்வாரத்தில் நிற்பதில்லை. போன மாதம் அம்மா அதன் முன்கூடையில் மரக்கறிப் பையை வைத்துவிட்டு, “தேங்காயும் ரெண்டு வாங்கிட்டு வா” என்றார். கவனம் என்று சொல்ல மறந்துவிட்டார்.