நூறு ஃபுல்

கள்ளக்குறிச்சியில் நான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வந்த காலத்தில் மூத்தவர்கள் எல்லாரும் ஒரே பாடம்தான் சொல்வார்கள்: "நெட்வொர்க் கார்டை ஆட்டோவுல விடாத தம்பி. டிவைஸ் மேனேஜர்ல போய் நூறு ஃபுல்னு போட்டுரு." ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது.

பதில் ஈதர்நெட்டின் வரலாற்றில் இருக்கிறது. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் அது பிறந்தபோது எல்லாருக்கும் ஒரே கம்பி. ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்கணும். அதுதான் ஹாஃப் டூப்ளெக்ஸ். ஸ்விட்ச் வந்தபின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச முடிந்தது, அது ஃபுல். எந்த வேகம், எந்த முறை என்று கார்டும் ஸ்விட்சும் தங்களுக்குள் பேசி முடிவுசெய்யும் ஏற்பாடு 1995இல் வந்தது. ஆரம்பகாலக் கார்டுகள் பல அதைச் சொதப்பின. அதனால் கையால் வைத்துவிடு என்ற அறிவுரை உலகம் முழுக்கப் பரவியது. அன்றைக்கு அது நியாயமான அறிவுரைதான்.

ஆனால் ஒரு முனையில் மட்டும் கையால் வைத்தால், அந்தக் கார்டு பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும். ஆட்டோவில் இருக்கும் ஸ்விட்ச் வேகத்தை மட்டும் சைகையிலிருந்து கண்டுபிடிக்கும். டூப்ளெக்ஸ் தெரியாது, ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். ஒருத்தர் காத்திருந்து பேச, இன்னொருத்தர் குறுக்கே பேசிக்கொண்டே இருப்பார். இணைப்பு அறுந்து தொலைத்தாலாவது தெரியும். அறுக்காது. விளக்கு எரியும், பிங் ஓடும். பெரிய கோப்பு போகும்போதுதான் இழுஇழுன்னு இழுக்கும்.

ஓர் அலுவலகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஐந்து மெஷினிலும் நூறு ஃபுல். ஸ்விட்சோ ஆட்டோவைத் தவிர வேறெதுவும் அறியாத மலிவான பெட்டி. சான்றிதழ் வாங்க வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர்களிடம், "நெட் ஸ்லோ, நாளைக்கு வாங்க" என்றார்கள். கல்வராயன் மலையை ஜாகிர்தார்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டதே 1976இல்தான். அங்குள்ளவர்களுக்கு ஒவ்வொரு காகிதமும் பெரிய விஷயம். நாளை என்றால் இன்னொரு நாள் கூலி போச்சு, இன்னொரு பஸ் செலவு.

கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸை ஆட்டோவுக்கு மாற்றினேன். அவ்வளவுதான் வேலை. தாமிரக் கம்பிக்கான கிகாபிட் தரம் 1999லேயே இந்தப் பேச்சுவார்த்தையைக் கட்டாயமாக்கிவிட்டது. எங்கள் பக்கம் சேதி வந்துசேர ரொம்ப காலம் ஆனது.

அதற்குப் பிறகு அங்கே நெட்டைக் குறை சொல்வது குறைந்தது. பிரிண்டரைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.