குறைந்த விலையில் நல்ல மடக்குக் கத்தி: கடையிலேயே சோதித்து வாங்குவது எப்படி?

உரச் சாக்கைப் பிரிக்க, சொட்டுநீர்க் குழாயை வெட்ட, பந்தலில் கயிறு அறுக்க, காம்போடு காய் பறிக்க, ஒட்டுக் கட்ட என்று தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பலமுறை சிறிய கத்தி தேவைப்படுகிறது. எல்லா வேலைக்கும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால்தான் பையில் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்தி விவசாயிக்கு வசதி.

ஆனால், சந்தையிலும் திருவிழாக் கடையிலும் கிடைக்கும் மலிவான கத்திகளில் பல, சில வாரங்களிலேயே மழுங்கி ஆட்டம் காண ஆரம்பித்துவிடும். 100 ரூபாய் கத்தியை வருடத்துக்கு மூன்று முறை மாற்றினால் செலவு 300 ரூபாய். அதைவிட மோசம், வெட்டும்போது கத்தி திடீரென மடங்கி விரலைப் பதம் பார்ப்பது. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் அதை மூன்று விஷயங்களுக்கு மட்டும் கொடுங்கள்: அலகின் எஃகு, ஆணி, பூட்டு. மற்றதெல்லாம் அலங்காரம்.

முதலில் வேலையை முடிவு செய்யுங்கள்

பொதுவான தோட்ட வேலைக்கு 7 முதல் 9 செ.மீ. நீளமுள்ள ஒரே ஓர் அலகு போதும். ஒட்டுக் கட்டவும் மொட்டுக் கட்டவும் தனிக் கத்தி வேண்டும். அதில் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்பட்டு, மறுபக்கம் தட்டையாக இருக்கும். அப்போதுதான் வெட்டு சமமாக விழும். தாய்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். இப்படி ஒருபக்கச் சரிவுள்ள கத்திகள் பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்படுபவை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஒட்டுக் கத்தியால் குழாயும் கயிறும் வெட்டாதீர்கள்.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா?

கார்பன் எஃகு எளிதில் தீட்ட வரும், நன்றாகக் கூர் பிடிக்கும். ஆனால், துடைக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் மாம்பாலும் பட்டால் கறுக்கும். இந்தக் கறுப்பு கெடுதல் அல்ல. சிவப்பாகப் பூக்கும் துருதான் கெடுதல். தினமும் துடைக்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு, கொடுக்கும் காசுக்கு அதிக உழைப்பைத் தருவது கார்பன் எஃகுதான். மழையிலும் சேற்றிலும் வேலை செய்பவர்கள், மீன் குட்டை வைத்திருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்கலாம்.

ஸ்டெயின்லெஸ் கத்தியில் எஃகின் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 420ஜே2, 3சிஆர்13 போன்றவை மென்மையானவை, சீக்கிரம் மழுங்கும். 8சிஆர்13எம்ஓவி, 440சி போன்றவை கூர் அதிக நாள் நிற்கும். எண் எதுவும் இல்லாமல் வெறுமனே 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று மட்டும் போட்டிருந்தால், அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் நல்லது என்று சொல்வோம். கத்திக்கு இது தலைகீழ். சூடாக்கிப் பதமேற்றக்கூடிய எஃகில் காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டாத அலகு பாத்திரத் தகடு போன்றது. அதில் கூர் நிற்காது. ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று ஆகிவிடாது. ஒட்டாவிட்டால் வாங்காதீர்கள்.

பூட்டு இருக்கட்டும்

சாதாரண பேனாக்கத்தியில் அலகைப் பிடித்து நிறுத்துவது முதுகிலுள்ள வில் மட்டுமே. முனையால் குத்தினாலோ முதுகில் அழுத்தம் விழுந்தாலோ மடங்கிவிடும். காய் பறிக்க, நூல் அறுக்க இது போதும். குழாய், தடித்த கயிறு, மரக்குச்சி வெட்டுவதற்குப் பூட்டுள்ள கத்திதான் பாதுகாப்பு.

விலை குறைந்தாலும் உறுதி குறையாத அமைப்புக்கு பிரான்ஸின் ஓபினெல் கத்தி நல்ல உதாரணம். 1890-ல் கிராமத்து மக்களின் அன்றாட வேலைக்காக உருவானது. மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, 1955-ல் சேர்ந்த சுழலும் வளையப் பூட்டு, அவ்வளவுதான். இங்கே அது இறக்குமதிப் பொருள் என்பதால் விலை கூடும். அதையே வாங்க வேண்டும் என்பதில்லை. உறுப்புகள் குறைந்தால் கெடுவதும் குறைவு என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய 5 சோதனைகள்

1. அலகைத் திறந்து இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். ஆணி இருக்கும் இடத்தில் திருகு இருந்தால் நல்லது; பின்னால் தளர்ந்தாலும் முறுக்கிக்கொள்ளலாம்.

2. பூட்டைப் போட்டுவிட்டு, அலகு மடங்கும் பாதையில் விரல் இல்லாமல் பிடியைப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை ஓரத்தில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. மடக்கிப் பாருங்கள். அலகு நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கூர் கெடும்.

4. வெளிச்சத்தில் கூர்ப்பகுதியை நேராகப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். பிறகு செய்தித்தாளின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள்.

5. ஈரக் கையோடு பிடிப்பதாக நினைத்துப் பிடியை இறுக்குங்கள். வழுக்கினாலும் உள்ளங்கையில் உறுத்தினாலும் வேறு பாருங்கள்.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்

டமாஸ்கஸ் போல வரிவரியாக அச்சிட்ட அலகு, பத்துக் கருவிகள் சேர்ந்த மலிவுக் கத்தி, டார்ச் விளக்கு வைத்த கத்தி ஆகியவை வேண்டாம். பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை வாங்கவே வாங்காதீர்கள். தோட்ட வேலைக்கு அது தேவையில்லை, போலீஸ் சோதனையில் வீண் தொல்லை. மிச்சப்படும் பணத்தில் இருபக்கத் தீட்டுக்கல் ஒன்று வாங்குங்கள். நல்ல கல் இருந்தால் சுமாரான கத்தியும் வேலை செய்யும். கல் இல்லாவிட்டால் விலை உயர்ந்த கத்தியும் மழுங்கிக் கிடக்கும்.

தீட்டும் முறை

அலகைக் கல்லில் சுமார் 20 பாகை சாய்வில் வையுங்கள். அலகின் அகலம் 2 செ.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 7 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். முதலில் சொரசொரப்பான பக்கத்தில் ஒரு புறம் தீட்டுங்கள். மறுபுற விளிம்பில் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டதும் திருப்பித் தீட்டுங்கள். பிறகு வழவழப்பான பக்கத்தில் இரு புறமும் மாற்றி மாற்றி இழுத்து, கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் தேய்த்தால் பிசிறு போய்விடும்.

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால், அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். கார்பன் எஃகின் விளிம்பு சூடேறி நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது; பிறகு கூர் நிற்காது.

பராமரிப்பும் நோய்த் தடுப்பும்

வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகே மடக்குங்கள். அலகில் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கத்தி நோயையும் சுமக்கும். தக்காளி மொசைக் வைரஸும் எலுமிச்சை வகைகளைத் தாக்கும் எக்ஸோகார்ட்டிஸ் நோயும் வெட்டும் கருவி வழியாகச் செடிக்குச் செடி பரவும். ஒட்டுக் கட்டும்போதும் கிளை நறுக்கும்போதும் அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தியைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் நனையுங்கள். 4 முதல் 5 சதவீதத் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு சேருங்கள். இந்தக் கரைசல் எஃகை அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி, எண்ணெய் தடவுங்கள்.

கவனத்துக்கு

இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் கவனிக்கப்படுகின்றன. வேளாண் பயன்பாட்டுக்கான கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. இங்கே சொன்ன கத்திகள் அந்த அளவுக்கு மிகச் சிறியவை. ஆனாலும் கூட்டத்துக்கும் அலுவலகங்களுக்கும் போகும்போது வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

எப்போதும் உடலுக்கு எதிர்ப்புறமாக வெட்டுங்கள். கத்தி பட்டு மண்ணும் படிந்த காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கடைசி டி.டி. ஊசி போட்டு 5 ஆண்டுகள் தாண்டியிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.