ஐக்கிய அரபு அமீரகத்தின் உருவாக்கம் (1968–1972)

பாரசீக வளைகுடாவின் தென்கரையில் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த ஷேக்குகளின் ஆட்சிப் பகுதிகள் ஒரே கூட்டாட்சி நாடாக இணைந்த நிகழ்வு. இதற்காக விடுதலைப் போரோ மக்கள் கிளர்ச்சியோ நடக்கவில்லை. ஆதிக்க நாடே வெளியேற முடிவெடுத்ததால் நேர்ந்த திருப்பம் இது.

1820 முதல் இப்பகுதி ஷேக்குகள் பிரிட்டனுடன் உடன்படிக்கைகள் செய்துவந்தனர். 1892 ஒப்பந்தப்படி அவர்களின் வெளியுறவு முழுவதும் பிரிட்டன் வசமானது. 1947 வரை அதை மேற்பார்வையிட்டது பிரிட்டிஷ் இந்திய அரசுதான். கடைவீதிகளில் புழங்கியதும் இந்திய ரூபாயே. தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அபுதாபியும் துபாயும் அதைக் கைவிட்டன.

அடுத்த ஆண்டு பவுண்டின் மதிப்பும் சரிந்தது. 1967 நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் கோரன்வி ராபர்ட்ஸ் வளைகுடாவுக்கு வந்து, படைகள் இங்கேயே இருக்கும் என்று உறுதி கூறிச் சென்றார். இரண்டே மாதங்களில் அவரே திரும்பி வந்து, போகப்போகிறோம் என்றார். 1968 ஜனவரி 16 அன்று பிரதமர் ஹரால்டு வில்சன், 1971 முடிவுக்குள் படைகள் விலகும் என அறிவித்தார். படைச் செலவைத் தாங்களே ஏற்பதாக ஷேக்குகள் முன்வந்தும் லண்டன் இசையவில்லை. ஒன்றரை நூற்றாண்டு உறவை இவ்வளவு அவசரமாக அறுத்தது நேர்மையான செயல் அல்ல.

பிப்ரவரி 18 அன்று அபுதாபியின் ஷேக் ஸாயிதும் துபாயின் ஷேக் ராஷிதும் பாலைவனக் கூடாரத்தில் சந்தித்து, இணைய ஒப்புக்கொண்டனர். அதே மாத இறுதியில் பஹ்ரைன், கத்தார் உட்பட ஒன்பது ஆட்சியாளர்கள் துபாயில் கூடிக் கூட்டமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். தலைநகர், பிரதிநிதித்துவம் ஆகியவற்றில் இழுபறி நீடித்தது. ஈரான் உரிமை கோரிவந்த பஹ்ரைனில் 1970இல் ஐ.நா. மக்கள் கருத்தைக் கேட்டறிந்தது. மக்கள் சுதந்திர நாட்டையே விரும்பினர். 1971 ஆகஸ்டில் பஹ்ரைனும் செப்டம்பரில் கத்தாரும் தனி நாடுகளாயின.

நவம்பர் 30 அன்று, பிரிட்டிஷ் பாதுகாப்பு முடிய ஒரு நாள் இருக்கையில், ஈரான் பெரிய, சிறிய தும்ப் தீவுகளைக் கைப்பற்றி, அபு மூசாவிலும் படை இறக்கியது. இத்தகராறு இன்றும் தீரவில்லை.

டிசம்பர் 2 அன்று துபாயில் அபுதாபி, துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், புஜைரா ஆகிய ஆறும் இணைந்தன. ஸாயித் குடியரசுத் தலைவரானார்; ராஷித் துணைத் தலைவரானார். அபுதாபிக்கும் துபாய்க்கும் இணையான இடம் கேட்டு விலகியிருந்த ராசல் கைமா, தும்ப் தீவுகளை இழந்து, எதிர்பார்த்த எண்ணெயும் கிட்டாமல், 1972 பிப்ரவரியில் சேர்ந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஷார்ஜா ஆட்சியாளர் ஷேக் காலித் கவிழ்ப்பு முயற்சியொன்றில் கொல்லப்பட்டிருந்தார். புதிய கூட்டாட்சி அந்தச் சோதனையைத் தாங்கி நின்றதே அதன் முதல் பெரிய வெற்றி.

1973 மே மாதம் திர்ஹம் புழக்கத்துக்கு வந்தது. தற்காலிகமானது என்று 1971இல் ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டம் 1996இல் நிரந்தரமாக்கப்பட்டது; அபுதாபி நிலையான தலைநகராக உறுதியானதும் அப்போதுதான்.