ஸவீக்கும் தயிரும்: ஒரு கண்ணாடிக் குவளையின் வரலாறு

மாலை மதரஸாவில் உளூவின் பாடம் நடந்துகொண்டிருந்தது. நெருப்பில் சமைத்த உணவை உண்டால் உளூ முறியுமா என்ற இடம் வந்தபோது, புகாரியில் பதிவாகியிருக்கும் ஒரு நிகழ்ச்சியை மாணவர்களுக்குச் சொன்னேன். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபரை நோக்கிச் சென்ற பயணம் அது. ஸஹ்பா என்ற இடத்தில் அஸர் தொழுத பின் நபி (ஸல்) அவர்கள் பயண உணவைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஸவீக்கைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அதை நனைத்து எல்லோரும் உண்டார்கள். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு மஃரிப் தொழுதார்கள். புதிதாக உளூச் செய்யவில்லை.

"ஸவீக் என்றால் என்ன ஹஜ்ரத்?" என்று ஒரு பையன் கேட்டான். வாற்கோதுமையையோ கோதுமையையோ வறுத்து இடித்துத் தோல்பையில் கட்டிக்கொள்வார்கள், எளிதில் கெடாது, பசிக்கும்போது நீரோ பாலோ தேனோ நெய்யோ சேர்த்துக் குழைத்து உண்பார்கள் என்று விளக்கினேன். உடனே ஒரு மாணவி, "அப்படியென்றால் அது கிரனோலா மாதிரியா?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ரமளானில், சஹருக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டிருந்தேன். இதே மாணவி தன் அக்கா செய்துதரும் பர்ஃபேயைப் பற்றி ஆசையாகச் சொன்னாள்: உயரமான கண்ணாடிக் குவளையில் கெட்டித் தயிர் ஓர் அடுக்கு, மாம்பழத் துண்டு ஓர் அடுக்கு, கிரனோலா ஓர் அடுக்கு. "நம் வீட்டில் சோறும் கஞ்சியும் இல்லையா? அடுத்தவர் பழக்கம் சஹருக்கு எதற்கு?" என்று நான் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை அக்காவிடம் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். பிற்பாடு அவளுடைய உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிற சமயத்தாருக்கு ஒப்பாக நடத்தல் என்பது ஃபிக்ஹில் நுணுக்கமாகப் பேசப்படும் பொருள். ஒரு சமூகத்தின் வழிபாட்டு அடையாளமாக இருப்பது வேறு. உலகத்தார் எல்லோரும் உண்ணும் ஹலாலான பொருள் வேறு. இதைப் பாடமாக நடத்துகிறவனே அன்று மறந்துபோனேன். ஆகவே அந்தக் குவளையில் இருப்பவை எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன்.

தானியத்திலிருந்து தொடங்கலாம். சீறாவில் ஸவீக் பல இடங்களில் வருகிறது. ஒரு படையெடுப்புக்கே அதன் பெயர் உண்டு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, பத்ருக்குப் பின், அபூ சுஃப்யான் இருநூறு குதிரை வீரர்களோடு மதீனாவின் புறத்தே வந்து தாக்கிவிட்டுத் திரும்பினார். முஸ்லிம்கள் பின்தொடரவே, சுமையைக் குறைத்து விரைந்தோட மக்காவாசிகள் தங்கள் ஸவீக் மூட்டைகளை வழிநெடுக வீசிவிட்டுச் சென்றார்கள். ஸவீக் படையெடுப்பு என்ற பெயர் நின்றது அதனால்தான். அன்றைய படைவீரனின் மூட்டையில் வறுத்த தானியம் எவ்வளவு இடம் பிடித்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதே கைபர் பயணத்தின் திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா நடந்தது. ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பு விரிக்கப்பட்டது. கையில் இருந்ததை ஒவ்வொருவரும் கொண்டுவந்து வைத்தார்கள். பேரீச்சம்பழம், நெய், அகித் ஆகியவை சேர்ந்து ஹைஸ் என்ற உணவு ஆனது. அகித் என்பது புளித்த மோரை வற்றக் காய்ச்சி உலர்த்திய கட்டி. பழமும், புளித்த பாலும், கொழுப்பும்! போகும்போது வறுத்த தானியம், வரும்போது பழமும் புளித்த பாலும். என் மாணவியின் குவளையில் இருந்தவற்றுக்கு நெருங்கிய உறவுக்காரர்கள் எல்லாம் அந்த ஒரே பயணத்தில் இருந்திருக்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு "பர்ஃபேயை முதலில் செய்தவர்கள் முஸ்லிம்களே" என்று யாரும் முழங்க வேண்டாம். நம்மவரிடையே அந்தப் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாலைப் புளிக்கவைக்கக் கற்றது எந்த ஒரு சமூகத்துக்கும் தனிச்சொத்து அன்று. தமிழில் குறுந்தொகையின் 167ஆம் பாடலிலேயே, தயிர் பிசைந்த விரலோடு ஒரு புதுமணப் பெண் கணவனுக்குச் சமைத்துப் போடுகிறாள். ஆயினும் யோகர்ட் என்ற சொல்லின் வரலாறு முஸ்லிம் உலகத்தின் வழியாக வந்தது என்பது உண்மை. அது துருக்கிச் சொல். கெட்டியாக்குதல், பிசைதல் என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்தது. காஷ்கரைச் சேர்ந்த மஹ்மூத் என்ற அறிஞர் 1070களில் பக்தாதில் இருந்து, துருக்கி மொழிச் சொற்களுக்கு அரபியில் ஓர் அகராதி எழுதி அப்பாசியக் கலீஃபாவுக்குக் காணிக்கையாக்கினார். அந்த அகராதியில் இச்சொல் இருக்கிறது. அதன் கைப்பிரதி இன்று உலகில் ஒன்றே ஒன்றுதான், இஸ்தான்புல்லில் இருக்கிறது. அந்த ஒரு பிரதியும் அழிந்திருந்தால் எத்தனையோ சொற்களின் பழைய தடம் நமக்குக் கிடைத்திராது.

உஸ்மானிய ஆட்சியில் இருந்த பால்கன் நிலங்களில் தயிர் அன்றாட உணவு. பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற மாணவர் ஜெனீவாவில் மருத்துவம் படித்தபோது, 1905இல், தம் ஊர்த் தயிரை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அதைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரை அடையாளம் கண்டார். பாரிஸில் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்த மெச்னிகாஃப் இந்த ஆய்வில் ஈடுபாடு கொண்டார். புளித்த பால் உண்பவர்களுக்கு ஆயுள் நீளும் என்று எழுதினார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் அது தயிருக்காக அன்று, நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆய்வுக்காக. அவர் 71 வயதில் காலமானார். ஆயுள் அல்லாஹ்வின் கையில்.

மெச்னிகாஃபின் எழுத்து ஐரோப்பாவில் தயிரை ஒரு மருந்தாகவே ஆக்கிவிட்டது. உஸ்மானிய நகரமான சலோனிகாவிலிருந்து பார்சிலோனாவுக்குக் குடிபெயர்ந்த ஐசக் கராசோ என்ற யூதர் 1919இல் தயிர் செய்து மருந்துக் கடைகள் வழியே விற்றார். மகன் டேனியலின் செல்லப்பெயரைத் தழுவி அதற்கு டனோன் என்று பெயரிட்டார். 1933இல் பிராகாவில் ஒரு பால் நிறுவனம், தயிரோடு பழக்கூழ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. 1947இல் அமெரிக்காவில் அதே டனோன் குடும்பத்து நிறுவனம் கோப்பையின் அடியில் பழக்கூழை வைத்து மேலே தயிரை நிரப்பி விற்றது. வெறும் தயிரின் புளிப்பு அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால் வந்த ஏற்பாடு அது. தயிர் அடுக்கோடு பழ அடுக்கு சேர்ந்த கதை இவ்வளவுதான்.

கிரனோலாவின் பிறப்பும் ஒரு மருத்துவமனையில்தான். நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில்லில் நீர்ச் சிகிச்சை நிலையம் நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் 1863இல் தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மீண்டும் சுட்டு "கிரானுலா" என்று பெயரிட்டார். அது கல்போல இருக்கும். இரவே ஊறவைத்தால்தான் காலையில் பல்லுக்கு இணங்கும். பேட்டில் கிரீக்கில் இருந்த டாக்டர் கெல்லாக்கும் ஒன்றைச் செய்து அதே பெயரை இட்டார். ஜாக்சன் தரப்பின் எதிர்ப்பு எழவே ஓர் எழுத்தை மாற்றி கிரனோலா என்றார். ஓட்ஸும் தேனும் கொட்டைப் பருப்புகளும் சேர்ந்த இன்றைய வடிவம் 1960களில் பரவியது.

பர்ஃபே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் குறையற்றது என்று பொருள். பிரான்சில் அது முட்டைக் கருவும் பாலேடும் சர்க்கரைப் பாகும் சேர்த்து உறையவைத்த இனிப்பு. மதுவகை சேர்ப்பதும் அங்கே வழக்கம். அமெரிக்கர்கள் அந்தப் பெயரை எடுத்து, உயரக் குவளையில் ஐஸ்கிரீமை அடுக்கித் தரும் வகைக்குச் சூட்டினார்கள். ஐஸ்கிரீமின் இடத்தில் தயிர் வந்து அமர்ந்ததே என் மாணவி சொன்னது. ஆகவே வெளியூர் உணவகத்தில் பர்ஃபே என்று எழுதியிருந்தால் எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் செய்வதில் அந்தக் கவலை இல்லை.

கடைத் தயிர் வாங்குவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. பழம் சேர்த்த, கெட்டியான சில வகைகளில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. மூலப்பொருள் உருமாறிவிட்டால் சட்டம் மாறுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் பச்சைப் புள்ளி இட்ட பொருளில் ஜெலட்டின் இருக்கக்கூடாது. ஆனால் பச்சைப் புள்ளி மது கலந்த வாசனைப் பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பொருள்களின் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் எளிய வழி நம் அடுப்படியில் இருக்கிறது. ஒரு லிட்டர் பாலில் உறைந்த தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, கீழே பாத்திரம் வைத்து, குளிர்பதனப் பெட்டியில் நான்கைந்து மணி நேரம் விட்டால் நீர் வடிந்து கெட்டியாகும். வடிந்த நீரைக் கொட்டாமல் மாவு பிசையப் பயன்படுத்தலாம். ஓட்ஸையோ கெட்டி அவலையோ வாணலியில் சிறு தீயில் வறுத்து, பாதாமும் முந்திரியும் சேர்த்து, ஒரு கரண்டி நெய் விடுங்கள். தேனை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே கலக்க வேண்டும். தீயில் அது சீக்கிரம் கருகிவிடும். நன்றாக ஆறிய பின்தான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி தங்கி மொறுமொறுப்பு போய்விடும். பழத்தில் மாம்பழம், வாழை, மாதுளை எதுவும் பொருந்தும். பச்சை அன்னாசியும் பப்பாளியும் தயிரோடு கலந்து வைத்தால் கசக்கும். அவற்றில் உள்ள நொதிகள் பால் புரதத்தைச் சிதைப்பதே காரணம். அடியில் தயிர், நடுவில் பழம், உண்ணும் நேரத்தில் மேலே வறுத்த தானியம். முன்கூட்டியே அடுக்கி வைத்தால் அது நமத்துப்போகும். ஸஹ்பாவில் நனைத்து உண்ட ஸவீக்கை நினைத்துக்கொண்டால் அதுவும் ஒரு குறையாகத் தோன்றாது.

அடுத்த வகுப்பில் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும், ரமளானில் நான் சொன்னது தவறு என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அன்று சொன்னதும் எல்லோர் முன்னிலையில்தானே. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுவாரம் மூடியிட்ட சிறு பாட்டில் ஒன்று என் மேசைமீது இருந்தது. அக்கா கொடுத்தனுப்பியதாம், ஓட்ஸுக்குப் பதிலாக வாற்கோதுமையை வறுத்து இடித்துப் போட்டிருந்தார். வெயிலில் நடந்து வந்ததில் மேலடுக்கு தயிருக்குள் முழுதும் இறங்கிவிட்டிருந்தது. அஸர் தொழுதுவிட்டு உண்டேன்.