ரைசோபியம்

ரைசோபியம் என்பது பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, அவற்றுக்குள் இருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தரும் மண் பாக்டீரியா. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை, சோயா எல்லாவற்றிலும் இதைக் காணலாம். இன்றைய வகைப்பாட்டில் பிராடிரைசோபியம் முதலிய தனிப் பேரினங்கள் பிரிக்கப்பட்டுவிட்டாலும் வேளாண் வழக்கில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகியிருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. உரத் தொழிற்சாலையில் இதைப் பிரிக்க 400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். ரைசோபியமோ வயலின் வெப்பநிலையிலேயே நைட்ரஜனேஸ் என்ற நொதியால் அந்த வேலையை முடிக்கிறது. அதற்கான ஆற்றல் செடி தரும் சர்க்கரையிலிருந்து வருகிறது.

செடியின் வேர் கசியும் ஃபிளேவனாய்டுகளை உணர்ந்து பாக்டீரியா பதில் வேதிக்குறி அனுப்பும். உடனே வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே விடும். எல்லாப் பயறும் எல்லா ரைசோபியத்தையும் ஏற்பதில்லை. சோயாவுக்குரியது உளுந்துக்கு உதவாமல் போகலாம். முடிச்சுக்குள் ஒரு சிக்கலும் உண்டு. பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் தேவை, நைட்ரஜனேஸுக்கோ அது நஞ்சு. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. ஆகவே முடிச்சைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை. பச்சையாக மாறியிருந்தால் அதன் காலம் முடிந்தது. நூற்புழு தாக்கிய வேரிலும் வீக்கம் தெரியும். அது வேரே தடித்தது, கிள்ளினால் தனியே கழன்று வராது.

ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886-இல் செடிக்கும் பாக்டீரியாவுக்குமான இந்த உறவை மெய்ப்பித்தனர். 1888-இல் டச்சு அறிஞர் பைஜெரிங்க் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். அடுத்த பத்தாண்டுக்குள் ‘நைட்ரஜின்’ என்ற பெயரில் அது விற்பனைக்கே வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதைப் பெரும்பாலும் விதைநேர்த்திக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியப் பொட்டலத்தைக் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டும். வெயிலில் காய்ந்தால் பாக்டீரியா மடியும். பூஞ்சைக்கொல்லியோடு ஒன்றாகக் கலப்பதும் கூடாது. யூரியாவை அள்ளிப் போட்ட நிலத்தில் முடிச்சுகள் குறைந்துபோகும். மண்ணிலேயே தழைச்சத்து கிடைக்கும்போது செடி சர்க்கரையைச் செலவழிக்காது.

பயறு போட்டாலே நிலம் வளமாகிவிடும் என்ற பேச்சு பாதிதான் உண்மை. பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு மணிக்குப் போய்விடுகிறது. டெல்டாவில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னே நிற்கும் நெற்பயிருக்கிடையே தெளிக்கும் உளுந்தைப் பின்னர் வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம். தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி போன்றவற்றைப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் முழுப் பலனும் நிலத்திலேயே தங்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலைச் சேர்ந்த மணிலா அகத்தியில் வேரோடு தண்டிலும் முடிச்சு விடுவதால், தண்ணீர் தேங்கிய நெல்வயலிலும் அது தழைச்சத்தைச் சேர்க்கிறது.