எம்பெக்கத் தூணும் ஆமூர்க் களமும்

கண்டி மாவட்டத்தில், பேராதனையிலிருந்து நெடுந்தொலைவு செல்லாமலே அடையத்தக்கது எம்பெக்க தேவாலயம். கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில் (1357–1374) எழுந்ததாகக் கொள்ளப்படும் இக்கோயில் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. அதன் மேளமண்டப மரத்தூண்களிலே அன்னமும் இருதலைப் புள்ளும் ஆடல்மகளிரும் செதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறிவர். அவற்றிடையே மல்லர் இருவர் ஒருவரையொருவர் பற்றிப் பிணைந்து நிற்கும் செதுக்கலும் உண்டு. பிடி தெரிகின்றது. அதற்கு முந்திய கணம் யாது, பிந்திய கணம் யாது என்பதை மரம் கூறவில்லை.

மற்போர் வரலாற்றை ஆராய்வோர் எதிர்கொள்ளும் இடர் இதுவே. ஒரு நிலையில் எதிரியை அடக்கியவன், அப்பிடி நெகிழுமுன் அதனினும் வலிய நிலைக்குச் செல்ல வேண்டும். 1914இல் பிரேசில் சென்ற யப்பானியர் மித்சுயோ மயேதாவின் வழியாகக் கிரேசி குடும்பத்தார் வளர்த்தெடுத்த பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இந்நிலைமாற்றம் தனிக்கல்வியாகவே பயிற்றப்படுகின்றது. வீழ்ந்தவனின் வயிற்றிலோ மார்பிலோ முழங்காலை ஊன்றினால் அவன் அதனைக் கையால் தள்ள முயல்வான். கை உடலைவிட்டு விலகிய அக்கணத்தே மேலிருப்பவன் மறுகாலை வீசி அவன்மேல் ஏறி அமர்வான். அதற்கு அஞ்சி அவன் புரண்டால் முதுகு வாய்க்கும். போட்டி விதிகளின்படி முழங்கால் நிலைக்கு 2 புள்ளிகள். மேலமர்வுக்கும் முதுகுப்பிடிக்கும் தனித்தனியே 4 புள்ளிகள். ஒவ்வொரு நிலையையும் மூன்று வினாடிகள் காத்தல் வேண்டும்.

இதனை மனத்திற்கொண்டு புறநானூற்றின் 80ஆம் பாட்டை நோக்குவோம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற களத்தைச் சாத்தந்தையார் அதிற் பாடுகின்றார். அரசனின் ஒரு கால் மல்லனின் மார்பில் மடிந்து ஊன்றியிருக்கின்றது. மற்றைக்கால் மல்லன் செய்யும் உபாயத்தைத் தடுத்து அவன் முதுகுப்புறம் செல்கின்றது. அடக்கும் கால் ஒன்று, அடுத்த நிலையைத் தேடும் கால் ஒன்று! பசித்த யானை மூங்கிலை முறித்தாற்போலத் தலையும் காலுமாகிய இருபுறமும் முறிய மோதுதல் அதன்பின்னரே வருகின்றது. புலவர் வலிமையை மட்டும் புகழ்ந்திருப்பின் யானை ஒன்றே போதியது. கால்களைத் தனித்தனியே கூறியமையால், தூண் காட்டாத அசைவை இப்பாட்டு காட்டுகின்றது.

இவ்வொப்புமை கொண்டு ஜியு-ஜிட்சு தமிழகத்திலே பிறந்ததென முழங்குவார் உளராயின், அவரோடு நாம் உடன்படுவதற்கில்லை. மனிதர்க்கு எங்கும் கை இரண்டு, கால் இரண்டு, கீழே நிலம் ஒன்று. ஒத்த வழிகள் தாமே தோன்றுதல் இயல்பு.

கண்டி நாட்டின் அங்கம்பொரவுக்கு இத்தகைய பாட்டுச் சான்று எமக்குக் கிட்டவில்லை. ஆயுதமின்றிப் பொருவது அங்கம், ஆயுதத்தோடு பொருவது இலங்கம் என அக்கலையினர் பகுப்பர். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் ஆங்கிலேயர் அதனைத் தடைசெய்தனர் என்பது பயில்வோர் வழங்கிவரும் செய்தி. மறைவிற் காக்கப்பட்ட கலையிலே பிடிகளின் பெயர் எஞ்சுதல் எளிது. பிடிகளுக்கு இடைப்பட்ட அசைவு ஆசானின் உடலோடு மறையும். எனினும் இன்றும் அதனைப் பயில்வோர் உளர். அவருள் ஒருவரை எம்பெக்கத் தூணின் முன் நிறுத்தி, இப்பிடிக்கு அடுத்தது யாதெனக் கேட்டு எழுதிவைக்கும் பணி எம் கலைப்பீட மாணவர்க்கு ஒருநாட் பயணத் தொலைவிலேயே காத்திருக்கின்றது.